ஓர் இரவின் விலை: பிரிந்த பெற்றோர் இருவரும் தாபரிப்புக் கணக்கும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பிரிந்த பிறகு பிள்ளைகளோடு வசிக்காத பெற்றோர் பிள்ளைகளுக்காக மற்றவருக்குக் கட்டும் பணம்தான் தாபரிப்பு. அதைப் பற்றிய இந்தச் சண்டை லண்டனில் வாழும் ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் 2022க்கும் 2025க்கும் இடையில் நடந்தது. கிழமைக்கு ஒரு நாள் தமிழருக்கான ஆலோசனை மேசை ஒன்றில் நான் தொண்டராக இருக்கிறேன். கடிதம் வாசித்துச் சொல்வது, படிவம் நிரப்புவது போன்ற வேலைகள். பெற்றோர் இருவரின் சம்மதத்தோடும் இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பணக் கணக்குகள் மட்டும் கிட்டத்தட்ட நடந்தபடியே இருக்கின்றன, ஏனென்றால் இந்தச் சண்டை முழுவதுமே கணக்கில்தான் நடந்தது.

பின்னணி

தந்தைக்கு அப்போது வயது 41. ஒரு பொருட்கிடங்கில் வேலை. தாய் முதியோர் இல்லம் ஒன்றில் பகுதிநேரமாக வேலை செய்தார். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. 2022 வசந்தத்தில் இருவரும் பிரிந்தார்கள். பிள்ளைகள் தாயோடு பழைய வாடகை வீட்டிலேயே இருந்தார்கள். தந்தை சில மைல் தள்ளி ஒரு வீட்டில் அறை எடுத்துப் போனார். அடிதடி இல்லை, பயமுறுத்தல் இல்லை. இதைத் தாயிடம் தனியாகக் கேட்டு உறுதிசெய்தோம். அந்தப் பதில் வேறாக இருந்திருந்தால் கீழே சொல்லப்போகும் எதையும் நாங்கள் செய்திருக்க மாட்டோம்.

பிரிந்த கையோடு இரு பக்கப் பெரியவர்களும் இருந்து பேசினார்கள். மாதம் 500 பவுண், பாடசாலைச் சீருடைச் செலவில் பாதி, ஒன்றுவிட்ட சனி ஞாயிறு பிள்ளைகள் அப்பாவோடு. எல்லாம் வாய்ப்பேச்சு. ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதவில்லை. எழுதச் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும் என்று தாயின் மாமா சொன்னாராம்.

ஒன்பது மாதம் ஓடியது. 2022 முடியும்போது கிடங்கில் ஓவர்டைம் குறைந்தது. 2023 பெப்ரவரியில் தந்தை 500க்குப் பதிலாக 350 பவுண் போட்டார். காரணம் சொல்லவில்லை. தாயும் கேட்கவில்லை. அவர் நேரே அரசின் குழந்தைத் தாபரிப்புச் சேவைக்கு விண்ணப்பித்தார். அப்போது விண்ணப்பக் கட்டணம் 20 பவுண். விண்ணப்பித்த செய்தி தந்தைக்குப் போனதும், "இனி அரசாங்கம் சொல்லுற காசைக் கட்டுறன்" என்று அவர் எல்லாக் கொடுப்பனவையும் நிறுத்தினார். அந்த ஒரு வாக்கியத்தின் விலை 480 பவுண் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

முறை எப்படிக் கணக்குப் போடுகிறது

கொஞ்சம் விதிகளைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிரித்தானியாவில் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1993இல் தொடங்கிய ஏற்பாடு இது. பலமுறை உடைத்துக் கட்டப்பட்டு, இப்போதைய வடிவம் 2012இல் வந்தது. பணம் கட்டும் பெற்றோரின் வருமானத்தை வரித் திணைக்களத்தின் பதிவிலிருந்து எடுக்கிறார்கள். கையில் இருக்கும் கடைசி முழு வரியாண்டின் தொகை அது. அதாவது இன்றைய சம்பளம் அல்ல, போன வருடத்துச் சம்பளம், சில சமயம் அதற்கும் முந்தியது. வரி கழிக்கும் முன்பான தொகையில் ஓய்வூதியத்துக்குக் கட்டியதை மட்டும் கழிப்பார்கள்.

கிழமை வருமானம் 200 பவுணுக்கும் 800 பவுணுக்கும் இடையில் என்றால் ஒரு பிள்ளைக்கு 12 வீதம், இரண்டுக்கு 16 வீதம், மூன்றோ அதற்கு மேலோ என்றால் 19 வீதம். பிறகு இரவுகள். பிள்ளை வருடத்தில் 52 முதல் 103 இரவுகள் பணம் கட்டும் பெற்றோரிடம் தங்கினால் தொகையில் ஏழில் ஒன்று குறையும். 104 முதல் 155 என்றால் ஏழில் இரண்டு. 156 முதல் 174 என்றால் ஏழில் மூன்று. 175 அல்லது அதற்கு மேல் என்றால் பாதியும், பிள்ளைக்கு 7 பவுண் வீதம் மேலும் ஒரு கழிவும். பகலில் எத்தனை மணிநேரம் பார்த்துக்கொண்டாலும், பாடசாலைக்குக் கூட்டிப்போனாலும், நீச்சல் வகுப்புக்குக் காசு கட்டினாலும் இந்தக் கணக்கில் சேராது. பிள்ளை எங்கே படுத்தது என்பதுதான் கேள்வி.

இடையில் சம்பளம் மாறினால் என்ன செய்வது? 25 வீதமாவது மாறியிருந்தால்தான் புதிய தொகையை எடுப்பார்கள். அதற்குக் குறைந்தால் வருடாந்த மீள்கணக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மார்ச் 2023: ஒரே கடிதம்

மார்ச் கடைசியில் இருவருக்கும் கணக்குக் கடிதம் வந்தது. 2021–22 வரியாண்டில் தந்தையின் வருமானம் 36,400 பவுண், கிழமைக்கு 700. இரண்டு பிள்ளைகளுக்கு 16 வீதம் என்றால் 112 பவுண். இரவுகளுக்காக ஏழில் ஒன்று கழித்துக் கிழமைக்கு 96 பவுண்.

தாய் இதைப் பார்த்துவிட்டுத்தான் முதலில் எங்கள் மேசைக்கு வந்தார். என் சக தொண்டர் ஒருவர் அவரோடு பேசினார். தாயின் கோபம் இரண்டு. வாய்ப்பேச்சில் 500 வந்த இடத்தில் இப்போது மாதம் 416தான். அதாவது அரசிடம் போனதால் குறைந்திருக்கிறது. இரண்டாவது, இரவுகள். "அக்கா, அவர் ஒருநாளும் ஐம்பத்திரண்டு இரவு வைச்சிருக்கேல்லை. சனிக்கிழமை பின்னேரமே கொண்டுவந்து விட்டிடுவார்." தந்தை ஒன்றுவிட்ட கிழமைகளில் இரண்டு இரவு என்று சொல்லியிருந்தார். 26 கிழமை, 52 இரவு. எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிற எண். இருவர் சொல்வதும் ஒத்துவராமல், பிள்ளைகள் அங்கே தங்குவதை மட்டும் இருவரும் ஒப்புக்கொள்ளும்போது, கிழமைக்கு ஓர் இரவு என்று எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அப்படிப் போனாலும் அதே ஏழில் ஒன்றுதான். எதிர்ச் சான்று காட்ட வேண்டும். தாயிடம் சான்று இல்லை. எந்த இரவு யார் வீட்டில் என்று யார் எழுதி வைக்கிறார்கள்?

அடுத்த பதினைந்து நாளில், ஏப்ரல் நடுவில், தந்தை வந்தார். அதே கடிதம். வேறு ஒருவர் மேசையில் தன் மனைவியும் வந்துபோயிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை. அவருடைய கோபம் சம்பளம். "அண்ணை, நான் இல்லாத சம்பளத்துக்கு எல்லோ காசு கட்டச் சொல்லுறாங்கள்." அவர் காட்டிய பே ஸ்லிப்களின்படி அப்போது கிழமைக்குச் சராசரி 580 பவுண். அதில் கணக்குப் போட்டால் 79.54 பவுண்தான் வரும்.

அந்த அலுவலகம் தாய்மார் பக்கம் என்று அவர் உறுதியாக நம்பினார். தாயோ அது தகப்பன்மார் பக்கம் என்று நம்பினார். எங்கள் இருவரின் மேசைக் குறிப்பேடுகளையும் பிறகு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, வார்த்தைகூட ஏறத்தாழ ஒன்றுதான்: "எங்களை ஆர் கேக்கிறது?"

முதல் முடிவும் என் பிழையும்

தந்தையிடம், சம்பளம் குறைந்துவிட்டது என்று பே ஸ்லிப்களை அனுப்பச் சொன்னேன். இதைச் சொல்லும்போது நான் வீதம் பார்க்கவில்லை. 700இலிருந்து 580 என்றால் 17 வீதம். 525க்கு இறங்கினால்தான் 25 வீதம். ஒரு நிமிடக் கணக்கு. அதைச் செய்திருந்தால் அந்தக் கடிதத்தை அனுப்பவே தேவையில்லை என்று தெரிந்திருக்கும். மே கடைசியில் வந்த பதில் அதைத்தான் சொன்னது: மாற்றம் போதாது, தொகை அப்படியே.

அதைவிடப் பெரிய பிழை வேறு. கேள்வி எழுப்பியிருந்தாலும், மீளாய்வு கேட்டிருந்தாலும், தீர்ப்பாயத்துக்கே போனாலும், கடிதத்தில் உள்ள தொகையை அதுவரை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவரோ பதில் வரும்வரை தன் கணக்குப்படி கட்டுவதுதான் நியாயம் என்று ஏப்ரலிலிருந்து கிழமைக்கு 80 பவுண் போட்டுக்கொண்டிருந்தார். பதில் வந்த பிறகும் கோபத்தில் அதையே தொடர்ந்தார்.

ஜூன் மாதம் அவர் கேட்ட கேள்வி ஒன்றையும் இங்கே பதிய வேண்டும். "ஓவர்டைமை முழுக்க விட்டால் 525க்குக் கீழ வருமெல்லோ? பிறகு குறைப்பாங்களா?" குறைப்பார்கள். அதை மறைக்க முடியாது. ஆனால் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டினேன். 580ஐ 520 ஆக்கினால் வரி, தேசியக் காப்புறுதி போகக் கையில் வருவதில் கிட்டத்தட்ட 41 பவுண் போகும். தாபரிப்பில் மிச்சம் 25. அவர் கொஞ்சநேரம் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப விசர் வேலை" என்றார். ஆனால் அந்த எண்ணம் வந்ததே முறையின் விளைவு. எல்லைக் கோடு ஒன்றைப் போட்டால் ஆட்கள் அந்தக் கோட்டைச் சுற்றித்தான் நடப்பார்கள்.

தாயின் பக்கம் என் சக தொண்டர் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. தாபரிப்பு வந்தால் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகை வெட்டுப்படும் என்று வேலைத்தலத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் அவர் விண்ணப்பத்தையே திரும்பப் பெறலாமா என்ற யோசனையில் இருந்தார். அது பிழை. தாபரிப்புப் பணம் அந்த உதவித்தொகையில் வருமானமாகக் கணக்கிடப்படுவதில்லை. இதைத் தெளிவாக்கியதும் பாதிப் பதற்றம் போயிற்று.

115.20, 92.16

தொடக்கத்தில் அவர்கள் இருந்தது நேரடிச் செலுத்தல் முறை. அதாவது அரசு தொகையைச் சொல்லும், பெற்றோர் தமக்குள் அனுப்பிக்கொள்வார்கள், கட்டணம் இல்லை. ஆகஸ்ட் 2023இல் தாய், பணம் குறைவாக வருகிறது என்று அறிவித்தார். அதுவரை சேர்ந்த நிலுவை இப்படி: தந்தைக்கு விண்ணப்பச் செய்தி போன நாளிலிருந்தே கடமை தொடங்கியிருந்தது. கடிதம் வரும்வரை ஐந்து கிழமை அவர் எதுவும் கட்டவில்லை, 480 பவுண். அதன்பின் இருபது கிழமை, கிழமைக்கு 16 பவுண் குறைவு, 320. மொத்தம் 800.

கோப்பு, அறவிட்டுக் கொடுக்கும் முறைக்கு மாறியது. இந்த முறையில் கட்டுபவர் 20 வீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும், பெறுபவருக்கு 4 வீதம் குறைத்துக் கொடுப்பார்கள். 2014இல் இந்தக் கட்டணங்களைக் கொண்டுவந்தபோது சொன்ன நோக்கம், பெற்றோர் தமக்குள்ளேயே பேசி முடிக்கத் தூண்டுவது. ஆக 96 பவுணுக்குத் தந்தை 115.20 கட்டினார், தாய்க்கு 92.16 வந்தது. இடையில் கிழமைக்கு 23.04 பவுண். வருடத்துக்கு ஏறத்தாழ 1,200. அந்தப் பணத்தில் ஒரு சதம் பிள்ளைகளுக்குப் போகவில்லை. தாய் ஒரு தவறும் செய்யாமல் 4 வீதம் இழந்தார் என்பதை என்னால் இன்னும் நியாயப்படுத்த முடியவில்லை. நேரடிச் செலுத்தல் முறையை நீக்கப்போவதாக 2025இல் அரசு அறிவித்திருக்கிறது. கட்டண அமைப்பும் மாறும் என்கிறார்கள். இந்தக் குடும்பத்துக்கு அது பிந்திய செய்தி.

அறவிடும் வழி, சம்பளத்திலேயே கழிக்கும் கட்டளை. அதற்குத் தந்தைமேல் இன்னொரு 50 பவுண் கட்டணம். முதலாளி கழித்து அனுப்ப வேண்டும். கையில் வரும் சம்பளத்தில் 40 வீதத்துக்கு மேல் கழிக்கக் கூடாது என்பது வரம்பு. நிலுவைக்குக் கிழமைக்கு 32 சேர்த்து 147.20 பவுண் போனது. அவர் கையில் வருவதில் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு.

பணத்தைவிட அவரைத் தாக்கியது வேறு. கிடங்கின் சம்பளப் பிரிவில் வேலை செய்தவர் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் மகள். அந்தப் பிள்ளை யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கமாட்டாள். ஆனால் சொல்லியிருப்பாள் என்று இவர் நினைத்தார். கோயில் திருவிழாவுக்குப் போவதை நிறுத்தினார். பிள்ளைகளைப் பார்ப்பதற்கும் இரண்டு கிழமை போகவில்லை. அந்த இரண்டு கிழமையைத் தாய் குறித்து வைத்துக்கொண்டார். இரவுகளுக்கான சான்று என்று.

இரவுகள்

2023 ஒக்டோபரில் தந்தை, இனி ஒவ்வொரு சனி ஞாயிறும் பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டும் என்று கேட்டார். வெள்ளி இரவு, சனி இரவு. வருடத்துக்கு 104. அந்த எண் தற்செயலாக வரவில்லை. தொகை 96இலிருந்து 80க்கு இறங்கும்.

அவர் பிள்ளைகளை உண்மையிலேயே கூடுதலாகப் பார்க்க விரும்பினார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 104 என்ற எண்ணை அவர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார் என்பதிலும் சந்தேகம் இல்லை. இரண்டும் ஒரே ஆளின் மனதில் ஒரே நேரத்தில் இருக்கலாம். தாய்க்கு இரண்டாவது மட்டும்தான் தெரிந்தது. கிழமைக்கு 16 பவுண், வருடத்துக்கு 832, கூடுதல் இரவுகள் 52. வகுத்தால் இரவுக்குச் சரியாக 16 பவுண். தாய் இதைத் தானே கணக்குப் போட்டு என் சக தொண்டரிடம் காட்டினார். "இரவுக்குப் பதினாறு பவுணுக்கு என்ர பிள்ளையளை வாங்கப் பார்க்கிறார்." உண்மையில் விதி அப்படிப் பிரித்துக் கொடுப்பதுமில்லை. 103 இரவு வரை மேலும் ஒரு சதமும் குறையாது. 104ஆவது இரவில் 832 பவுணும் மொத்தமாக விழும்.

தாய் மறுத்தார். மறுத்ததோடு நிற்கவில்லை. அதன்பின் வந்த இரண்டு முறையும் மகனுக்குத் தடிமன், மகளுக்குப் பரீட்சை என்று அனுப்பவில்லை. மேசைக் குறிப்பில் என் சக தொண்டர் இதை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பை கட்டிக்கொண்டிருந்த மகள் தாயிடம் கேட்டாள்: "நான் இந்தக் கிழமை அப்பா வீட்டில படுத்தா உங்களுக்குக் காசு குறையுமோ?"

அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. தொலைபேசிப் பேச்சு சுவருக்கு மறுபக்கம் கேட்டிருக்கிறது. தாய் அன்றிரவே தந்தைக்குச் செய்தி அனுப்பினார். பல மாதங்களுக்குப் பிறகு சண்டை இல்லாத முதல் செய்தி. மகள் கேட்டதை அப்படியே எழுதியிருந்தார், வேறு ஒரு சொல்லும் இல்லை. அடுத்த நாள் மேசைக்கு வந்த தந்தை அந்தச் செய்தியை என்னிடம் காட்டினார். அன்று அவர் சம்பளத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை.

நாட்காட்டி

இந்த இடத்தில்தான் நாங்கள் வழியை மாற்றினோம். அதுவரை ஒவ்வொரு மேசையும் தன் ஆளின் கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தது. இருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் வாங்கி, இரண்டு மேசைகளும் ஒன்றாக ஒரு யோசனை சொன்னோம். மூன்று மாதம் பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம், சம்பளத்தில் கழிவது கழியட்டும். இரவுகளை மட்டும் இருவரும் தத்தம் தொலைபேசி நாட்காட்டியில் குறிக்க வேண்டும். மாத முடிவில் இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிள்ளைகளுக்கு இது தெரியக் கூடாது.

ஏன் இந்த முடிவு? சம்பளத் தகராறுக்கு வருடாந்த மீள்கணக்கு எப்படியும் பெப்ரவரியில் பதில் சொல்லும். அதற்கு எங்கள் உதவி தேவையில்லை. இரவுத் தகராறுக்கு மட்டும் வெளியிலிருந்து யாரும் பதில் தர முடியாது. அலுவலகமோ தீர்ப்பாயமோ அவர்கள் கொண்டுவரும் தாளைத்தான் பார்க்கும். தாளே இல்லை என்பதுதான் சிக்கல்.

2024 ஜனவரி முதல் மார்ச் வரை 13 கிழமை. தந்தையின் நாட்காட்டியில் 9 இரவுகள். தாயினுடையதிலும் 9. ஒன்றுவிட்ட கிழமைகளில் அவர் அழைத்துப்போனது உண்மை. ஆனால் சனிக்கிழமைகளில் அதிகாலை ஷிப்ட் வந்தால், முதல் நாள் இரவு சாப்பாடு கொடுத்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். பழைய வாட்ஸ்அப் செய்திகளை வைத்து முந்தைய வருடத்தை அவரே எண்ணிப் பார்த்தார். பத்து மாதத்தில் 31. அவர் பொய் சொல்லவில்லை, தான் 52 இரவு வைத்திருந்ததாகவே நம்பியிருந்தார். பிள்ளைகளோடு இருந்த பகல்களையும் சேர்த்து நினைவு வைத்திருந்தார் போலும்.

தாயின் சந்தேகம் ஒன்று இதில் தீரவில்லை. உறவினரின் கடையில் தந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்கு வேலை செய்கிறார் என்று அவர் சொல்லிவந்தார். தந்தை, சும்மா உதவிக்குப் போவதாகச் சொன்னார். சான்று எதுவும் வரவில்லை. பிறகு நடந்த கூட்டத்தில் நாங்கள் அதை எடுக்கவுமில்லை.

2024: மேசையில் மூன்று எண்கள்

பெப்ரவரி மீள்கணக்கு 2022–23 வருமானத்தை எடுத்தது. 32,760 பவுண், கிழமைக்கு 630. ஏழில் ஒன்று கழித்துக் கிழமைக்கு 86.40. அதே மாதத்தில் 800 பவுண் நிலுவையும் தீர்ந்திருந்தது.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, ஒரே அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். தாயின் மாமாவும் வந்திருந்தார், ஆனால் பேசுவதில்லை என்ற நிபந்தனையில். கால்வாசி நேரம் அதைக் காப்பாற்றினார். நாங்கள் ஒரு தாளில் மாதக் கணக்கில் எழுதி வைத்தது இது. இப்போதைய முறைப்படி தந்தையின் சம்பளத்திலிருந்து போவது 449.28. தாய்க்கு வந்து சேர்வது 359.42. உண்மையான இரவுகளை வைத்துத் தாய் திருத்தம் கேட்டால், கழிவு இல்லாமல் வரக்கூடியது 436.80.

அந்தத் தாளை அவர்கள் பார்த்த விதத்தில் ஒரு மாற்றம் இருந்தது. அதுவரை ஒருவர் இழப்பது மற்றவருக்குப் போகிறது என்று இருவரும் நினைத்திருந்தார்கள். 449க்கும் 359க்கும் இடையில் இருக்கும் 90 பவுண் யாருக்கும் போகவில்லை என்பது எழுத்தில் தெரிந்தது. நான் பல மாதங்களாக வாயால் சொல்லிக்கொண்டிருந்த விஷயம்தான்.

கடைசியில் மாதம் 430 பவுண், 28ஆம் தேதி தானாகப் போகும்படி வங்கி நிலையுத்தரவு. தந்தைக்கு முன்பைவிட 19 குறைவு, தாய்க்கு 70 கூடுதல். கண்டிப்பாகக் கேட்டிருந்தால் தாய்க்கு இன்னும் சில பவுண் வந்திருக்கும். அது தெரிந்தே அவர் சம்மதித்தார். இரவுகள் கூடினாலும் குறைந்தாலும் தொகை மாறாது என்று ஒரு வரி சேர்த்தோம், அதுதான் தாய் கேட்ட ஒரே வரி. சம்பளம் மாறினால் முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் குறைக்கலாம் என்பது தந்தையே சேர்த்தது. ஒரு பக்கத் தாள், இருவரும் கையெழுத்து. இதற்குச் சட்ட வலு இல்லை என்பதை இரண்டு முறை சொன்னோம். ஜூன் மாதம் தாய் கோப்பை மூடச் சொன்னார்.

அதற்குப் பின்

ஆறு மாதம் பிசகில்லாமல் வந்தது. 2024 டிசம்பரில் தந்தையின் தாயார் யாழ்ப்பாணத்தில் காலமானார். அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை அவர் அங்கே நின்றார், சம்பளமில்லாத விடுமுறை. டிசம்பர்ப் பணம் வரவில்லை. ஆனால் விமானநிலையத்திலிருந்தே அவர் செய்தி அனுப்பியிருந்தார். தாய் எங்கள் மேசைக்கு வந்து, மறுபடி விண்ணப்பிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார். 2024 பெப்ரவரி 26இலிருந்து கட்டணமே இல்லை என்று சொன்னோம். படிவத்தைப் பார்த்தார், விண்ணப்பிக்கவில்லை. பாதிப் பணம் ஜனவரியில் வந்தது, மீதி மார்ச்சில்.

மகளின் பாடசாலைச் சுற்றுலாச் செலவில் ஒருமுறை நல்ல சண்டை நடந்தது. அது தாளில் இல்லை. சண்டை அவர்களுக்குள்ளேயே முடிந்தது.

2025 ஜூனில், கோப்பு மூடி ஒரு வருடம் ஆனபோது, தாய் பழக்கத்தில் இரவுகளை எண்ணிப் பார்த்திருக்கிறார். 58. இப்போது அரசிடம் போனால் ஏழில் ஒன்று உண்மையாகவே குறையும். என் சக தொண்டரிடம் இதைச் சொல்லிச் சிரித்தாராம். தந்தையிடம் சொல்லவில்லை என்றார்.

இன்று வந்தால் வேறாகச் செய்வது

தாய் வந்த முதல் நாளிலேயே நாட்காட்டி தொடங்கச் சொல்லியிருப்பேன். கணக்குக் கடிதம் வந்தால் மீளாய்வு கேட்க 30 நாள்தான். அந்த நாட்களில் எங்களிடம் எண்ணிக்கை எதுவும் இல்லாததால், கேட்கக்கூடிய ஒரே உருப்படியான கேள்வியைக் கேட்க முடியாமல் போயிற்று. நாங்கள் அதற்குப் பதிலாகச் சம்பளக் கேள்வியில் ஆறு கிழமையைச் செலவழித்தோம்.

இரண்டு மேசைகளும் ஒரே குடும்பத்தோடு பேசுகின்றன என்பதை ஏப்ரலிலேயே நாங்கள் இருவரும் அறிந்திருந்தோம். ஒருவர் சொன்னதை மற்றவர் பக்கம் கொண்டுபோகாமல் இருந்தது சரி. ஆனால் சேர்ந்து பேசச் சம்மதமா என்று இருவரிடமும் கேட்டிருக்கலாம். நவம்பர்வரை கேட்கவில்லை. பிரிந்தவர்களை ஓர் அறையில் உட்காரவைப்பது ஆபத்து என்ற பொதுவான பயம் எங்களுக்கு இருந்தது. அந்தப் பயம் பல வீடுகளில் நியாயமானது. இந்த வீட்டில் அதைச் சோதித்துப் பார்க்கவே எட்டு மாதம் எடுத்துக்கொண்டோம்.

தாயின் 4 வீதத்தைத் தவிர்த்திருக்க முடியுமா என்று இன்னும் யோசிக்கிறேன். ஆகஸ்டில் அவர் குறைபாட்டை அறிவிக்காமல் விட்டிருந்தால் நிலுவை இன்னும் ஏறியிருக்கும். அறிவித்தது சரியான முடிவு. கட்டிக்கொண்டே கேள்வி கேளுங்கள் என்ற ஒரு வாக்கியத்தைத் தந்தையிடம் ஏப்ரலில் நான் சொல்லியிருந்தால் அறிவிக்க வேண்டிய தேவை வந்திருக்காமல் இருக்கலாம்.

எங்கள் மேசையில் பணம் கட்டுபவர்களுக்கான குறிப்புத் தாளை மாற்றியிருக்கிறோம். முதல் வரி இப்போது இது: கடிதத்தில் உள்ள தொகை பிழை என்று நினைத்தாலும் அதை முழுதாகக் கட்டிக்கொண்டு கேள்வி கேளுங்கள். இரண்டாவது வரியில் 25 வீதம் பார்க்கும் கணக்கு, வெற்றுக் கட்டங்களோடு. போன மாதம் வந்த ஒருவர் அதை நிரப்பிப் பார்த்துவிட்டு, 31 வீதம் வருகிறது என்று காட்டினார். அவருடைய பே ஸ்லிப்களை அன்றே அனுப்பினோம்.